வாசித்ததாகக் கருதப்பட்ட பகிடிகள்

என்னைப் பற்றி மொன்றியலின் லாசால் பகுதியில் உலவிய செய்திகளில் ஒன்றுகூட உண்மை இல்லை. அத்தனையையும் பரப்பியவர் என் அக்கா ஜெயனி. அக்காவின் கணக்கில் நான் லண்டனில் பெரிய எழுத்தாளன், தொலைக்காட்சி நடிகன், என் பகிடிக்கு இங்கிலாந்தே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. இங்கிலாந்தில் என் பகிடிக்குச் சிரிப்பவர்களை ஒரு மினிவானில் ஏற்றிவிடலாம். பின்னால் சாமான் வைக்கவும் இடம் இருக்கும்.

தொழில் என்று பார்த்தால் நான் நகைச்சுவை எழுதுகிறவன், நடிக்கிறவன். அதில் பொய் இல்லை. பதினேழு வருடமாக அதைத்தான் செய்கிறேன். வானொலிக்கு ஆறு பேர் சேர்ந்து ஒரு தொடர் எழுதினோம். முடிவில் எழுதியவர்களின் பெயர்களை வாசிக்கும்போது ஐந்தாவது பெயரோடு இசை தொடங்கிவிடும். ஆறாவது பெயர் என்னுடையது. தொலைக்காட்சியில் ஒன்பது தடவை வந்திருக்கிறேன், அதில் ஏழு தடவை கடைக்காரனாக. ஏழு கடையிலும் கொள்ளையர் புகுந்து என்னைக் கொன்றார்கள். ஒவ்வொரு ஆகஸ்டும் எடின்பரோவில் மதுக்கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை எடுத்து, தனியே நின்று ஒரு மணிநேரம் பேசுவேன். மழை பெய்தால் கூட்டம் வரும். ஒரேயொரு கோடையில் மட்டும் தெருவில் போகிறவர்கள் என்னைக் கண்டு கை காட்டினார்கள். டாக்ஸி ஓட்டுநராக நடித்தபோது நான் சொன்ன ஒரு வசனம் அப்போது எல்லார் வாயிலும் கிடந்தது. அந்த வசனத்தை நான் எழுதவில்லை. படப்பிடிப்பில் தேநீர் ஊற்றுகிற பெண் யாரையோ திட்டும்போது சொன்னது அது.

அம்மாவின் பெயர் றோசா. என்னைப் பதினான்கு வயதில் மாமாவோடு லண்டனுக்கு அனுப்பிவிட்டு மன்னாரிலேயே இருந்தவர், பிறகு அக்காவிடம் மொன்றியலுக்கு வந்துவிட்டார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. என் தொழிலில் அவர் பார்த்தது ஒரேயொரு வீடியோ கசெற். அதில் என்னைக் கொள்ளையன் சுடுவான். நான் விழுவதற்கு முன் அவனிடம், ‘பற்றுச்சீட்டு வேணுமா?’ என்று கேட்பேன். இங்கிலாந்து சிரித்தது, அதாவது மினிவான் சிரித்தது. அம்மா அழுதார். அடுத்த ஞாயிறு எனக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தார். தொலைபேசியில், “அந்தக் கடையை விட்டிடு மோனை” என்றார்.

ஊர்பேர் தெரியாதவர்களைச் சிரிக்கவைப்பதுதான் என் பிழைப்பு. பெற்ற தாய் என் ஒரு பகிடிக்கும் சிரித்ததில்லை. இது எனக்குள் எவ்வளவு காலமாக உறுத்திக்கொண்டிருந்தது என்பதை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை. சொன்னால் யாராவது சிரித்துவிடுவார்கள்.

2006 ஜூலையில் மொன்றியல் டவுன்டவுனில் ஒரு நகைச்சுவை விழாவில் எனக்கு ஏழு நிமிடம் கிடைத்தது. ஏழு நிமிடமும் பேசினேன். ஐந்தாவது நிமிடத்தில் ஒருவர் சிரித்தார். அவருடைய கைத்தொலைபேசியில் ஏதோ செய்தி வந்திருந்தது. லாசாலில் அக்கா வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே அக்கா சொன்னார்.

“அடுத்த கிழமை யாகப்பர் திருநாள். கோயிலுக்குக் கீழை ஹோலிலை கலைமாலை இருக்கு. நீ பத்து நிமிசம் செய்யிறாய், தமிழிலை. நான் சொல்லிப்போட்டன்.”

அம்மா மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, “விளங்கிற பாசையிலை உன்னை ஒருக்காப் பாப்பம்” என்றார்.

அவ்வளவுதான். அடுத்த இரண்டு நாளும் நான் வேறு வேலை பார்க்கவில்லை. மெட்றோவில் பச்சைத் தடத்தில் அந்தத் தொங்கலுக்கும் இந்தத் தொங்கலுக்கும் போய்வந்தபடி பன்னிரண்டு பகிடி எழுதினேன். முதலாவது அம்மாவைப் பற்றியது. அம்மா தொலைபேசியில் என்ன வேலை என்று கேட்கிறார். ஆட்களைச் சிரிக்கவைக்கிறேன் என்கிறேன். ‘அதுக்கு ஏன் மோனை லண்டன் போனனீ? இஞ்சையே எல்லாரும் உன்னைப் பாத்துச் சிரிச்சவை தானே?’

அக்கா பன்னிரண்டில் ஐந்துக்குச் சிரித்தார். என் தொழிலில் அது பெரிய வெற்றி.

மறுநாள் லாசால் புனித யாகப்பர் தமிழ்க் கத்தோலிக்க மன்றத்திலிருந்து கடிதம் வந்தது. கலைஞர் தமது பகிடிகளை மூன்று பிரதிகளில் சமர்ப்பித்து, ஞாயிறு பூசை முடிந்ததும் செயற்குழுவின் முன் தோன்ற வேண்டும்.

தோன்றினேன். கோயிலின் அடித்தள மண்டபத்தில் நீண்ட மேசைக்கு அந்தப் பக்கம் நாலு பேர் இருந்தார்கள். நடுவில் தலைவர் கிறகரி அண்ணை, ஜூலை வெக்கையிலும் கழுத்தில் ரை கட்டியிருந்தார். வலப்பக்கம் உபதலைவர் கிறிஸ்தோப்பர் அண்ணை. டெப்பனர் என்று இங்கே சொல்கிற மூலைக்கடை ஒன்று வைத்திருக்கிறார். இடப்பக்கம் செயலாளர் அல்பேட் அண்ணை, முன்னால் எழுதுவதற்கு ஒரு கொப்பி. தொங்கலில் ஸ்நேகா என்கிற பெண், சென்னைக்காரி, டவுன்டவுனில் கணினி வேலை, மன்றத்துக்கு மைக் பொறுப்பு.

செபம் சொன்னார்கள். ஒரு நிமிடம் மௌனம் காத்தார்கள். அல்பேட் அண்ணை சென்ற கூட்டத்தின் அறிக்கையை வாசிக்க எழுந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

“வாசிச்சதாக் கருதுவம்” என்றார் கிறகரி அண்ணை.

அல்பேட் அண்ணை கண்ணாடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். பதினான்கு வருடமாக அவர் இப்படி எழுந்து உட்காருகிறார் என்று அக்கா பிறகு சொன்னார். பதினான்கு வருடத்து அறிக்கைகளும் வாசித்ததாகவே கருதப்பட்டுவிட்டன. அவருக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலிலிருந்து இறங்கும் கொள்கலன்களைச் சுற்றி நடந்து, எங்கே நசிந்திருக்கிறது, எங்கே கறள் பிடித்திருக்கிறது என்று எழுதிக் கொடுப்பவர்.

கிறகரி அண்ணை எழுந்தார்.

“தம்பி றூபன், நாங்கள் சிரிப்புக்கு எதிரான ஆக்கள் இல்லை. எங்கடை மன்றச் சட்ட யாப்பிலை பதினாலாம் விதியிலை ‘களிப்பூட்டும் நிகழ்ச்சிகள்’ எண்டு தெளிவாக் கிடக்கு. ஆனாச் சிரிப்பு எண்டது ஒழுங்கா வரவேணும். தொண்ணூற்றேழிலை நாடகம் போட்டனாங்கள். நான்தான் ஏரோது ராசா. பாலகரைக் கொல்லச் சொல்லி நான் உத்தரவு போடேக்கை என்ரை தலைமயிர் கழண்டு விழுந்தது, வாடகைக்கு எடுத்த தலைமயிர். ஒருத்தன் சிரிச்சான். ஒருத்தன்தான்! அவன் இப்ப லாவாலிலை தனி மன்றம் வைச்சிருக்கிறான். பதினெட்டுக் குடும்பம் அவனோடை. அண்டைக்கு முடிவெடுத்தம், இந்த ஹோலிலை இனிச் சிரிப்பு வாறதெண்டால் மன்றத்துக்குத் தெரிஞ்சுதான் வரவேணும்.”

நான் தலையாட்டினேன். லண்டனில் எத்தனையோ தயாரிப்பாளர்கள் என் எழுத்தை வெட்டியிருக்கிறார்கள். இவ்வளவு நியாயமான காரணத்தை அவர்களில் ஒருவரும் சொன்னதில்லை.

முதலாம் பகிடியை எடுத்தார்கள். நான் சொல்லி முடித்தேன். மௌனம் காத்தார்கள். செபத்துக்குப் பிறகு காத்ததை விட நீளமான மௌனம்.

“அம்மா முன்வரிசையிலை இருப்பா. சிரிப்பாவோ?” என்றார் கிறகரி அண்ணை.

“தெரியாது அண்ணை. இதுவரைக்கும் சிரிச்சதில்லை.”

“எவ்வளவு காலமா?”

“பதினேழு வருசமா.”

அல்பேட் அண்ணை எழுதிக்கொண்டார். முதலாம் பகிடி போயிற்று.

அடுத்தது கோயில் சுவாமியின், அதாவது பாதிரியாரின், பிரசங்கம். சுவாமி பிரசங்கத்தைத் தொடங்கும்போது மொன்றியலில் பனிக்காலம், முடிக்கும்போது எல்லாரும் கோட்டைக் கழற்றிவிடுவார்கள் என்பது பகிடி.

“சுவாமிக்குக் கோவம் வருமோ?” என்று கேட்டேன்.

“வராது. சுவாமி நல்லவர், சிரிப்பார். அதுதான் பிரச்சினை” என்றார் கிறகரி அண்ணை. “சுவாமி சிரிச்சா நாங்களும் சிரிக்கவேணும். நாங்கள் சிரிச்சாப் பிரசங்கம் நீளம் எண்டு மன்றம் ஏற்றுக்கொண்ட மாதிரிப் போயிடும்.” இதை விளக்க அவருக்கு இருபது நிமிடம் எடுத்தது.

மூன்றாவது மட்டன் றோல்ஸ். மன்றத்து றோல்ஸில் மட்டன் ஒருவருக்குத்தான் கிடைக்கும், அவர் யார் என்று நன்றியுரையில் அறிவிப்பார்கள் என்று எழுதியிருந்தேன்.

“றோல்ஸ் என்ரை மனிசி செய்யிறது” என்றார் கிறகரி அண்ணை.

“நல்லாத்தானே சார் இருந்துச்சு” என்றாள் ஸ்நேகா. எல்லாரும் திரும்பிப் பார்த்ததும், “ஜோக்கைச் சொன்னேன்” என்றாள். அதற்குப் பிறகு நிலைமை இன்னும் மோசமாயிற்று.

என் கொலைகளைப் பற்றிய பகிடி ஒன்று இருந்தது. ஏழு தடவை கடைக்காரனாகச் செத்தவன், எட்டாவது தடவை கள்வனைக் கண்டதும் தானே போய்ப் படுத்துக்கொள்கிறான். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை. கிறிஸ்தோப்பர் அண்ணைக்கு முகம் கறுத்தது.

“என்ரை டெப்பனரிலை இண்டைவரைக்கும் ஒரு களவு நடந்ததில்லை. இதைக் கேட்டுப்போட்டு ஆருக்கும் யோசினை வந்தால்?”

அதுவும் போயிற்று. எதற்கும் ஆபத்தில்லாத ஒன்று மிஞ்சும் என்று எட்டாவதை நம்பியிருந்தேன். லண்டனில் கோடைகாலம் அருமையானது, போன வருடம் அது ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. அவ்வளவுதான். ஸ்நேகா வாய்விட்டுச் சிரித்தாள்.

கிறகரி அண்ணை பேனாவை வைத்தார். “பிள்ளை, விளங்கித்தான் சிரிச்சனீங்களோ?”

“விளங்கித்தான் சார்.”

“என்ன விளங்கினது?”

ஸ்நேகா விளக்கினாள். லண்டன்ல எப்பவும் மழை சார், சம்மர் ஒரே நாள்தான் சார், அது செவ்வாய்க்கிழமை சார். விளக்கி முடித்தபோது அவள் முகத்திலும் சிரிப்பு இல்லை. விளக்கிய பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை என்பதால் முதலில் வந்த சிரிப்பில் ஏதோ சந்தேகம் இருப்பதாக முடிவாயிற்று. எட்டாவதும் போயிற்று. அதற்குப் பின் வந்த நாலும் போன விதத்தைச் சொன்னால் அழுகை வரும்.

கடைசியில் பன்னிரண்டு பகிடிகளுக்கு முன்னால் இருந்த ‘வணக்கம்’ என்ற சொல்லும் பின்னால் இருந்த ‘நன்றி’ என்ற சொல்லும் ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டன.

“பத்து நிமிசத்தை நாங்கள் குறைக்கேல்லை, தம்பி” என்றார் கிறகரி அண்ணை, என் தோளில் கையைப் போட்டு. “நேரம் முழுக்க உம்முடையது. ஆனா மன்றத்தின்ரை முத்திரை குத்தின எழுத்தைத் தவிர வேறை ஒண்டையும் மேடையிலை வாசிக்கப்படாது. அது விதி.”

வீட்டுக்கு வந்து அக்காவிடம் நான் மேடை ஏறவில்லை என்றேன். அக்கா என்னை விட்டுவிட்டு அறைக் கதவைப் பார்த்தார். கதவில் அம்மாவின் ஊதாச் சேலை தொங்கியது. திருநாளுக்கு இன்னும் ஆறு நாள் இருக்க, இஸ்திரி போட்டாயிற்று. பக்கத்துத் தொடர்மாடிப் பெண்கள் எட்டுப் பேருக்கு அம்மா சொல்லியும் ஆயிற்று.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு என்று அறிவித்த விழா ஆறேகாலுக்குத் தொடங்கியது. விளக்கேற்றினார்கள், மௌனம் காத்தார்கள், வரவேற்றார்கள், ஆசி வழங்கினார்கள். கிறகரி அண்ணை தலைமையுரையில் சிரிப்பு ஒரு மருந்து என்றார். மருந்து என்றால் அளவோடு எடுக்க வேண்டும் என்று அரை மணிநேரம் விளக்கினார். இங்கிலாந்தே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் கலைஞர் என்று அறிமுகம் செய்து, எனக்குப் பொன்னாடை போர்த்தினார். படிகளில் ஏறும்போது அல்பேட் அண்ணை ஒரு கடித உறையை என் கையில் வைத்தார்.

“உங்கடை அனுமதி, தம்பி. கூட்டறிக்கையோடை சேத்து வைச்சிருக்கிறன். ஒழுங்குக்கு.”

மைக்குக்கு முன்னால் நின்றேன். “வணக்கம்” என்றேன். முந்நூறு பேர் திருப்பி வணக்கம் சொன்னார்கள். பத்து நிமிடத்தில் இரண்டு செக்கன் முடிந்தது.

அம்மா முன்வரிசையில் இருந்தார். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். விமானம் மேலெழும்போது ஆட்கள் அப்படித்தான் பிடிப்பார்கள். அவருடைய உதடுகள் லேசாக முன்னுக்கு வந்திருந்தன. சிரிப்பதற்கு அவர் ஆயத்தமாக வந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் மட்டும்தான் ஆயத்தமில்லை. வெட்டுப்பட்ட பகிடிகளை வீம்புக்குச் சொல்லலாம். சொன்னால் நாளைக்கு விமானம் ஏறுகிறவன் நான், இங்கே இருக்கப்போகிறவர் அக்கா. இன்னும் பதினெட்டுக் குடும்பம் லாவாலுக்குப் போனாலும் போகும்.

செய்வதறியாமல் உறையைக் கிழித்தேன். உள்ளே நாலு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் மன்றத்தின் முத்திரை, அதன் கீழே கிறகரி அண்ணையின் கையெழுத்து. அவர் அதை வாசிக்கவில்லை, வாசித்ததாகக் கருதிக் கையெழுத்து வைத்திருக்கிறார்.

முத்திரை குத்திய எழுத்து. வாசித்தேன்.

“கூட்டறிக்கை. பரிசோதனைக்கு வந்தவை: பகிடிகள், பன்னிரண்டு. அனுப்பிய இடம்: லண்டன். வந்து சேர்ந்த நிலை: ஏற்கெனவே பாவித்தவை.”

பின்வரிசையில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

“மூன்றாம் பகிடி: றோல்ஸ். வெளிப்புறம் சேதமில்லை. உள்ளே மட்டன் இல்லை எனக் கலைஞர் முறையிட்டார். தலைவரின் துணைவியார் சம்பந்தப்பட்டிருப்பதால் திறந்து பார்க்கப்படவில்லை.”

மண்டபத்தின் இடப்பக்கம் வெடித்தது. நான் இதுவரை கேட்டிராத சத்தம். கிறகரி அண்ணை எழுந்து கையை உயர்த்தி, “ஒழுங்குப் பிரச்சினை!” என்றார்.

“தலைவர் நாலு பக்கத்திலையும் சைன் வைச்சிருக்கிறார்” என்றார் அல்பேட் அண்ணை, மேடை ஓரத்திலிருந்து. அவ்வளவு சத்தமாக அவர் மன்றத்தில் பேசியது அதுவே முதல் தடவையாம்.

“இரண்டாம் பகிடி: சுவாமியின் பிரசங்கம். நீளம் அளக்கப்படவில்லை. நீளமானது அல்ல என்பதைத் தலைவர் இருபது நிமிடம் விளக்கினார்.”

சுவாமி கைலேஞ்சியை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கினார். சுவாமி சிரித்தால் மன்றமும் சிரிக்க வேண்டும். கிறகரி அண்ணை சுற்றிவரப் பார்த்துவிட்டு, உட்கார்ந்து, ஒழுங்காகச் சிரித்தார்.

“எட்டாம் பகிடி: லண்டன் கோடை. ஒருவர் சிரித்தார். விசாரிக்கப்பட்டார். அதன்பின் சிரிக்கவில்லை.”

மைக் பெட்டிக்குப் பின்னால் ஸ்நேகா தரையில் உட்கார்ந்துவிட்டாள். மண்டபம் முழுவதும் தோளோடு தோள் இடித்துச் சிரித்தது. நான் பதினேழு வருடம் கற்ற வித்தை ஒன்றையும் பாவிக்கவில்லை. இருந்ததை இருந்தபடி வாசித்தேன். ஓரத்தில் அல்பேட் அண்ணையின் உதடுகள் ஒவ்வொரு வரிக்கும் என்னோடு சேர்ந்து அசைந்தன. கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

கடைசிப் பக்கத்தில் முதலாம் பகிடி இருந்தது. பகிடிகளை அல்பேட் அண்ணை தன் ஒழுங்கில் அடுக்கி, இதை இறுதிக்கு வைத்திருந்தார்.

“முதலாம் பகிடி: கலைஞரின் தாயார். தாயார் சிரிப்பாரா என வினவப்பட்டது. பதினேழு வருடமாகச் சிரிக்கவில்லை எனக் கலைஞர் ஒப்புக்கொண்டார். பழுது பகிடியிலா தாயாரிலா என்று கண்டறிய வசதியில்லாதபடியால், இரண்டும் வந்த நிலையிலேயே திருப்பி அனுப்பப்படுகின்றன.”

அம்மாவின் மடியிலிருந்து கைப்பை விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. வாயைப் பொத்தினார், பொத்திய கை போதவில்லை. சேலைத்தலைப்பை எடுத்து முகத்தை மூடினார். தோள் இரண்டும் குலுங்கின. பிறகு தலைப்பை விலக்கி, பக்கத்திலிருந்த பெண்ணின் தொடையில் ஓங்கி ஓர் அடி போட்டார். அம்மா அப்படித்தான் சிரிப்பார் என்று எனக்கு முப்பத்தேழு வயதில் தெரியவந்தது. அனுமதிக்கப்பட்ட இரண்டாவது சொல்லை, ‘நன்றி’யை, சொல்ல முடியாமல் இறங்கிவிட்டேன்.

அன்றைய சிரிப்பு முழுவதும் மன்றம் திட்டமிட்டபடியே நடந்தது என்று நன்றியுரையில் கிறகரி அண்ணை அறிவித்தார். அடுத்த வருட நிகழ்ச்சிநிரலில் ‘கூட்டறிக்கை வாசிப்பு – எழுதுபவர் அல்பேட், முப்பது நிமிடம்’ என்று அங்கேயே சேர்த்தார்கள். வாசிக்கிறவர் யார் என்பதைப் பிறகு பார்க்கலாமாம்.

வீடு திரும்பும்போது அக்கா கார் ஓட்டினார். நான் அம்மாவோடு பின்னால் இருந்தேன். பேப்பர் சேர்வியற்றில் சுற்றிய றோல்ஸ் ஒன்று அம்மாவின் கையில் இருந்தது.

“ஆர் மோனை அதை எழுதினது?” என்றார்.

நான்தான் என்ற சொல் வாய்வரை வந்தது. பதினேழு வருடமாகக் காத்திருந்த கேள்வி. காரில் இருட்டு இல்லை, ஜூலை மாதத்து வெளிச்சம் அவர் முகத்தில் நன்றாக விழுந்தது. அந்த முகத்துக்குப் பொய் சொல்ல முடியவில்லை.

“அல்பேட் அண்ணை.”

“அதுதானே பாத்தன்” என்றார் அம்மா.

பிறகு கையிலிருந்த றோல்ஸைப் பிய்த்து உள்ளே பார்த்தார். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். என் தொடையில் ஓங்கி ஓர் அடி விழுந்தது.